மாமாவின் காற்றுக் கணக்கு

ஒரு வாரம் முழுக்கப் படகிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, ஒரு நாளைக்கு மூன்று முறை கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளைப் பார்த்துவிட்டு வரும் பயணங்கள் உண்டு. மாலத்தீவில் இதற்கென்றே ஓடும் படகுகளை சஃபாரி படகு என்று சொல்வார்கள். கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டிப் பவளத் தீவுகள் வளையம் வளையமாகச் சேர்ந்து கிடக்கும் நாடு அது.

ஒரு அத்தை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்று அடைத்த சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா அவருக்கு நன்றாகப் பழகிய வித்தை. மாமாவுக்கு நீச்சல் தெரியும், ஆனால் முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஒரு தடவைகூடக் கடலுக்குள் போனதில்லை. இருவரும் சேர்ந்து மாலத்தீவுக்குப் போக ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு நாம் ஒரு திட்டம் போட்டுக் கொடுப்போமா?

அதற்கு முன் ஒன்று. இந்தத் திட்டத்தை அத்தையின் அனுபவத்தை வைத்துப் போடக்கூடாது. மாமாவின் காது, மாமாவின் நுரையீரல், மாமாவின் சிலிண்டரில் மீதி இருக்கும் காற்று, இவற்றை வைத்துத்தான் போட வேண்டும். மரியாதைக்காகவோ அன்புக்காகவோ நான் இதைச் சொல்லவில்லை. கடலுக்குள் காற்று நடந்துகொள்ளும் விதம் அப்படி.

நாம் எல்லாரும் ஒரு காற்றுக் கடலின் அடியில்தான் வாழ்கிறோம். நம் தலைக்கு மேல் இருக்கும் அத்தனை காற்றும் நம்மை அழுத்திக்கொண்டே இருக்கிறது. இதை 1 வளிமண்டல அழுத்தம் என்கிறோம். தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு கனமானது. அதனால் கடலில் வெறும் 10 மீட்டர் இறங்கினாலே இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடிவிடும். 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4.

இப்போது ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடிக் கடலுக்குள் எடுத்துப்போவதாக நினைத்துப் பாருங்கள். 10 மீட்டரில் உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கி, பாட்டில் நெளிந்துவிடும். 20 மீட்டரில் காற்று மூன்றில் ஒரு பங்கு. 30 மீட்டரில் கால் பங்கு. அழுத்தம் எத்தனை மடங்கு ஏறுகிறதோ, காற்றின் அளவு அத்தனை மடங்கு இறங்கும். ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 1662-இல் வெளியிட்ட விதி இதுதான். உங்கள் பாடப் புத்தகத்தில் இது வரும்போது மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். முதல் 10 மீட்டரில் காற்று முழுசாகப் பாதி குறைந்தது. அடுத்த 10 மீட்டரில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது. அதற்கடுத்த 10 மீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பெரிய மாற்றம் எல்லாம் மேல்தண்ணீரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. “நாங்கள் ஆழத்துக்குப் போகவில்லை, அதனால் பயமில்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதியவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடமே அந்த முதல் 10 மீட்டர்தான்.

இந்த அழுத்தத்தை முதலில் உணர்வது காது. நீச்சல் குளத்தின் அடிக்குப் போனால் காது வலிப்பதை உங்களில் சிலர் உணர்ந்திருப்பீர்கள். செவிப்பறைக்கு உள்ளே ஒரு சின்ன அறை நிறையக் காற்று இருக்கிறது. வெளியே அழுத்தம் ஏற ஏறச் செவிப்பறை உள்ளே வளைகிறது, வலிக்கிறது. அந்த அறையிலிருந்து தொண்டையின் மேற்பகுதிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக மூச்சை வெளியே தள்ளினால் அந்தக் குழாய் திறந்து காற்று உள்ளே போகும். காதில் ‘டப்’ என்று சத்தம் கேட்கும், வலி போய்விடும். மாமா இதைத் தண்ணீருக்குள் தலை போன உடனேயே தொடங்க வேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் செய்துகொண்டே இறங்க வேண்டும். வலிக்கத் தொடங்கிய பிறகு பலமாக ஊதக்கூடாது. கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். சளி பிடித்திருந்தால் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு மாமா இறங்கவே கூடாது.

அடுத்தது நுரையீரல். ஸ்கூபாவின் முதல் கட்டளை: மூச்சை ஒருபோதும் அடக்காதே. இதைக் கேட்டதும் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வரும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கித்தானே இறங்கினார்கள்? அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

நல்ல கேள்வி. முத்துக்குளிப்பவர் தரைமட்டத்துக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு இறங்குகிறார். 10 மீட்டரில் அது பாதியாகச் சுருங்குகிறது. மேலே வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது, அவ்வளவுதான். கொண்டுபோன காற்றைவிட ஒரு துளி அதிகம் இல்லை. மாமா கதை வேறு. அவர் 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து புதிதாக மூச்சு இழுக்கிறார். வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர், சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில்தான் காற்றைக் கொடுக்கும். இல்லாவிட்டால் அந்த ஆழத்தில் நெஞ்சை விரித்து மூச்சு இழுக்கவே முடியாது. ழாக் கூஸ்தோ, எமில் காஞ்ஞான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1943-இல் செய்த அருமையான கருவியின் வாரிசுதான் இன்றைய ரெகுலேட்டர். ஆகவே 10 மீட்டரில் மாமாவின் நெஞ்சில் இருப்பது இரட்டை அழுத்தக் காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலால் அத்தனை விரிய முடியாது, கிழிந்துவிடும். பயந்துபோன ஒருவர் தன்னை அறியாமல் செய்யும் இரண்டு காரியங்கள், மூச்சை அடக்குவதும் மேலே பாய்வதும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. அதனால்தான் பயத்தைக் கையாளக் கற்றுக்கொள்வதும் ஸ்கூபா பயிற்சியில் ஒரு பாடம்.

அப்படியானால் மாமா எங்கே கற்றுக்கொள்வது? படகிலேயே கற்றுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படகு ஆடிக்கொண்டிருக்கும், மற்றவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள், ஒரு பாடம் வரவில்லை என்றால் திரும்பச் செய்ய நேரம் இருக்காது. புதுச்சேரியிலோ அந்தமானின் சுவராஜ் தீவிலோ சில மாதங்களுக்கு முன்பே நிதானமாகக் கற்றுக்கொள்ளட்டும். முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், காதில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் மறைக்கக்கூடாது. பிறகு குளத்தில் பயிற்சி, அதன் பிறகு கடலில் நான்கு டைவ். ‘பாடி’ என்ற உலகளாவிய பயிற்சி நிறுவனத்தின் ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ் வாங்கினால் 18 மீட்டர் வரை போகலாம். 10 வயது நிறைந்தவர்கள்கூட இதைக் கற்கலாம். ஆனால் 12 வயது ஆகும்வரை 12 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, பெரியவர் கூடவே இருக்க வேண்டும்.

குளத்தில் ஒரு பாடத்தை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். மாமா அடியில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியர் சைகை காட்டுகிறார். மாமா தன் முகக்கண்ணாடியின் மேல் விளிம்பை விரலால் லேசாகத் தூக்குகிறார். தண்ணீர் உள்ளே வழிந்து, மூக்கை மூடி, கண் மட்டத்துக்கு ஏறுகிறது. மூக்கில் தண்ணீர் பட்டதும் ‘மூச்சை நிறுத்து’ என்று உடம்பு கத்தும். மாமா அதைக் கேட்காமல் வாயால் மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, மூக்கால் நிதானமாக ஊதுகிறார். ஊதிய காற்று கண்ணாடியின் மேற்பகுதியில் சேர்ந்து, தண்ணீரைக் கீழ் விளிம்பு வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. கண் தெரிகிறது! இது கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவு பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இப்போது சிலிண்டரில் இருக்கும் காற்றின் கணக்குக்கு வருவோம். சிலிண்டரின் கொள்ளளவு 12 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்திருக்கிறார்கள். ஒரு பார் என்பது கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம். 12 × 200 = 2,400 லிட்டர். ஒரு பீரோ கொள்ளாத அளவு காற்று அந்தச் சின்ன உலோக உருளைக்குள்! இதில் 50 பாரை எப்போதும் மிச்சம் வைத்துக்கொண்டே மேலே வர வேண்டும் என்பது பழக்கம். ஆகச் செலவழிக்கக் கிடைப்பது 1,800 லிட்டர்.

நிதானமாக நீந்தும் அத்தை நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்குப் படபடப்பு, கையைக் காலை வேகமாக ஆட்டுகிறார், 25 லிட்டர் தேவைப்படுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சிலும் இரண்டு மடங்கு காற்று போகிறது. அத்தைக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், மாமாவுக்கு 50. அத்தைக்குக் காற்று 60 நிமிடம் வரும். மாமாவுக்கு 36 நிமிடம்தான். 15 மீட்டரில் மாமாவுக்கு எத்தனை நிமிடம்? நீங்களே போட்டுப் பாருங்கள். 29-ஐ ஒட்டி வந்தால் சரி.

36 நிமிடத்தில் மாமா மேலே வர வேண்டும் என்றால் அத்தையும் வர வேண்டும். கடலுக்குள் இருவர் ஜோடியாகப் போனால் ஜோடியாகத்தான் திரும்ப வேண்டும். ஒருவருடைய கருவி பழுதானால் இன்னொருவரிடம் கூடுதல் ரெகுலேட்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும், அதுதான் உயிர். அத்தை தன் சிலிண்டரில் பாதிக் காற்று இருக்கிறதே என்று தங்க ஆசைப்பட்டால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும். மாமாவும் “என்னால் அத்தைக்கு வீண்” என்று வெட்கப்பட்டு, அளவுமானியில் முள் இறங்குவதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. படகில் ஏறும் முன்பே இருவரும் இதைப் பேசிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும், எந்த நிமிடத்திலும், காரணம் சொல்லாமல் டைவை முடித்துக்கொள்ளலாம். மற்றவர் மறுபேச்சுப் பேசக்கூடாது. அத்தைக்கு நீண்ட டைவ் ஒன்று வேண்டுமென்றால், மாமா படகில் ஓய்வெடுக்கும் நேரத்தில் வழிகாட்டியோடு போய்வரட்டும்.

எந்த மாதம் போகலாம்? வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதிலும் பிப்ரவரி, மார்ச்சில், மாலத்தீவுக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும், தண்ணீரும் தெளிவு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் நவம்பர் வரை கடல் கொஞ்சம் கொந்தளிக்கும். ஆனால் அப்போதுதான் மிதவை உயிரிகள் பெருகி, அவற்றைத் தின்ன யானைத்திருக்கை எனப்படும் மாண்டா திருக்கைகள் பா அடோல் என்ற பவளத் தீவு வளையத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் கூடும். அங்கே சிலிண்டரோடு இறங்கத் தடை, மேலே மிதந்தபடி மட்டும்தான் பார்க்கலாம். திருக்கைகளுக்குத் தொல்லை வேண்டாம் என்று செய்த நல்ல ஏற்பாடு.

தேதி குறிக்கும்போது வீட்டுக் காலண்டரையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்ற இறக்கம் அதிகம். அட்டமியை ஒட்டிய நாட்களில் குறைவு. மாலத்தீவின் பவள வளையங்களுக்கு நடுவே குறுகலான வாய்க்கால்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே கடல் உள்ளேயும் வெளியேயும் பாயும்போது நீரோட்டம் பலமாக இருக்கும். சுறாக் கூட்டம் பார்க்க அனுபவசாலிகள் அங்கேதான் போவார்கள். மாமாவுக்கு இந்தத் தடவை அது வேண்டாம். ஆரி அடோல், வடக்கு மாலே அடோல் பக்கம் அமைதியான பாறைகள் நிறைய உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை: முதல் நாள் அமைதியான இடத்தில் பயிற்சி டைவ் உண்டா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் மருத்துவ ஆக்சிஜன் இருக்கிறதா. மாலத்தீவுச் சட்டப்படி சுற்றுலாப் பயணிகள் யாரும் 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. அத்தைக்கும் அதுதான் எல்லை.

தண்ணீருக்குள் பேச முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதும் கடினம் என்பது தெரியுமா? காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், கடலில் சுமார் 1,500 மீட்டர். ஒரு சத்தம் எந்தக் காதை முதலில் எட்டுகிறது என்பதை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. கடலில் அந்த இடைவெளி நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடுவதால் எல்லாச் சத்தமும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோல இருக்கும். மாமாவுக்கு ‘கறுக் கறுக்’ என்று ஏதோ கேட்கும். சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கிளிமீன் பவளப்பாறையைக் கடித்து மெல்லும் சத்தம் அது! பாறையில் ஒட்டிய பாசிக்காகக் கடிக்கிறது, சுண்ணாம்பை அரைத்துக் கழிவாக விடுகிறது. மாலத்தீவின் வெள்ளை மணலில் பெரும்பங்கு இப்படி உண்டானதுதான்.

அதனால் பேச்செல்லாம் கைச்சைகையில். கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போவோம்’ என்று பொருள். ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். மாமா மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்டினால் அத்தை மேலே ஏறத் தொடங்கிவிடுவார்.

இன்னும் ஒரு எதிரி பாக்கி, கண்ணுக்குத் தெரியாதது. நாம் இழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். தரையில் அது வந்த வழியே போய்விடும். அழுத்தம் கூடும்போது அது ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் கரைந்தது மூச்சோடு வெளியேறிவிடும். சடாரென்று வந்தால், சோடா பாட்டிலை உடைத்ததும் பொங்குவதுபோல உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலி வரும், சில சமயம் கை கால் மரத்துப்போகும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்கு வழி கண்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி. பிரிட்டிஷ் கடற்படைக்காக அவர் ஆடுகளை ஓர் இரும்பு அறைக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வலி வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதுதான் அவருக்கு அடையாளம். ஒரே மூச்சில் மேலே வராமல் படிப்படியாக நின்று நின்று வந்தால் குமிழிகளைத் தவிர்க்கலாம் என்று 1908-இல் அட்டவணை போட்டுக் கொடுத்தார். இன்று மாமாவின் மணிக்கட்டில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர் போடும் கணக்குக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில் என்று அது சொல்லும்.

படகுப் பயணத்தில் இது ஏன் முக்கியம் என்றால், நைட்ரஜன் முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். காலை டைவில் சேர்ந்தது முழுக்கப் போவதற்குள் பதினொரு மணி டைவ், அது போவதற்குள் மாலை டைவ். மிச்சம் மேல் மிச்சமாகச் சேரும். அதனால் அன்றைய ஆழமான டைவை முதலில் முடித்துவிட்டு, போகப்போக ஆழத்தைக் குறைப்பது நல்லது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். நடுவில் ஒரு நாள், மாமா ஒரு டைவை விட்டுவிட்டு மேல்தளத்தில் படுத்துத் தூங்கட்டும் என்பது என் யோசனை. களைத்தவர் தவறு செய்வார்.

இதே காரணத்தால் கடைசி நாள் யாரும் இறங்கக்கூடாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. ஏறத்தாழ ஊட்டி உயரத்தில் இருக்கும் அழுத்தம். பல நாள் டைவ் செய்த உடம்போடு உடனே அங்கே போனால், மிச்ச நைட்ரஜன் குமிழியாகிவிடும். குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், பெரும்பாலான படகுகள் 24 மணி நேரம் விடுகின்றன. திரும்பும் விமான டிக்கெட்டை முதலில் எடுத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கடைசி டைவைக் குறிக்க வேண்டும்.

அந்த ஓய்வு நாளில் இருவரும் கருவிகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பார்கள். உப்பு படிந்தால் ரெகுலேட்டர் பழுதாகும். மாமா தன் குறிப்பேட்டைத் திறந்து ஒவ்வொரு டைவுக்கும் ஆழம், நேரம், தொடங்கும்போது இருந்த காற்று, முடிக்கும்போது இருந்த காற்று, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய ஈயம் எத்தனை கிலோ என்று எழுதியிருப்பதைச் சரிபார்ப்பார். முதல் நாள் தேவைக்கு அதிகமாக ஈயத்தைக் கட்டிக்கொண்டு மூழ்கப் பார்த்தவர், வாரக் கடைசியில் குறைவான ஈயத்தோடு அமைதியாக மிதந்திருப்பார். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இழுத்தார் என்று அந்த எண்களிலிருந்து அத்தை கணக்குப் போட்டுச் சொல்வார். அது 25-லிருந்து 20-க்கு இறங்கியிருந்தால், அடுத்த பயணத்தில் 10 மீட்டரில் அவருக்கு எத்தனை நிமிடம் என்பதை உங்கள் நோட்டில் போட்டுப் பாருங்கள்.